ஜார்ஜ் கோட்டை கடலோரத்துல, பட்டா நம்ம பக்கத்துல

குடியாத்தத்துல இருந்து ஒரு தம்பி கேட்டது இதுதான். "அண்ணே, சென்னைல ஜார்ஜ் கோட்டைக்குப் போயிருந்தேன், கோட்டைன்னு சொல்றாங்க, ஆனா நம்ம வேலூர் கோட்டை மாதிரி அகழியில தண்ணியும் இல்ல, பெரிய பெரிய கருங்கல்லும் இல்ல, ஏதோ கவர்மெண்ட் ஆபீஸ் காம்பவுண்டு மாதிரிதான் இருக்குது, இதைப் போய் ஏன் இவ்ளோ பெருசா பேசறாங்க, ரெண்டுமே வெள்ளைக்காரன் கட்டினதுதானே, ரெண்டுக்கும் ஏதாச்சும் சம்பந்தம் இருக்குதா?"

சுருக்கமா சொல்லணும்னா வேலூர் கோட்டைய வெள்ளைக்காரன் கட்டல, ஜார்ஜ் கோட்டைய அவன்தான் கட்டினான், ஆனா அதுக்கு இடம் குடுத்தது வந்தவாசி நாயக்கர், அந்த இடத்த உறுதி பண்ணி எழுதிக் குடுத்தது வேலூர்ல இருந்த ராஜா. அதுக்கப்புறம் அந்தக் கோட்டை நிக்குமா விழுமான்னு முடிவு பண்ண சண்டைங்க பாதிக்கு மேல நடந்தது ஆம்பூர், ஆற்காடு, காவேரிப்பாக்கம், ஆரணி, வந்தவாசி, சோளிங்கர்னு நம்ம பழைய வடாற்காடு ஜில்லாவுலதான். சம்பந்தம் இருக்குதான்னு கேக்கறீங்க, சம்பந்தத்துலதான் அந்தக் கோட்டையே நின்னுச்சு. கொஞ்சம் நீளமாத்தான் சொல்லணும், பொறுமையா படிங்க.

வேலூர் கோட்டை 16ஆம் நூற்றாண்டு, விஜயநகர காலம், சின்ன பொம்மி நாயக்கர் கட்டினதுன்னு சொல்லுவாங்க. 133 ஏக்கர். வெளி மதில் கிட்ட போய் நின்னு கல்லும் கல்லும் சேர்ற இடத்தப் பாருங்க, நடுவுல சுண்ணாம்பு இருக்காது, கருங்கல்ல செதுக்கி ஒண்ணு மேல ஒண்ணு உக்கார வச்சிருக்காங்க, அவ்ளோதான். உள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத்துல யாளித்தூண் செதுக்கினாங்களே, அந்தக் காலத்து கைவேலை அது. ராஜா குடியிருக்கறதுக்கும் படை இருக்கறதுக்கும் கட்டின கோட்டை. அதனால பார்த்தவுடனே கோட்டைன்னு தெரியுது.

ஜார்ஜ் கோட்டை அந்த ரகமே இல்ல. அது துணி குடோனுக்கு சுவர் வச்சது, இத புரிஞ்சுக்கிட்டா மீதி தானா புரிஞ்சிடும். கம்பெனிக்காரன், அதாவது இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனி, இங்க வந்தது பருத்தித் துணி வாங்க. கப்பல் வருஷத்துக்கு ஒரு சீசன்லதான் வரும், அது வர்ற வரைக்கும் நெசவாளிங்ககிட்ட முன்பணம் குடுத்து துணி வாங்கி, தரம் பாத்து, மூட்டை கட்டி பத்திரமா வைக்கணும், அதுக்கு ஒரு இடம் வேணும், சுத்தி சுவர் வேணும், சுவர் மேல நாலு பீரங்கி வேணும். இதுக்கு முன்னாடி நெல்லூர் பக்கம் ஆர்மகான்னு ஒரு ஊர்ல, அதாவது துர்க்கராஜபட்டினத்துல, அவங்களுக்கு ஒரு சின்ன கோட்டை இருந்துச்சு, அங்க நல்ல துணி கிடைக்கல, உள்ளூர் தொல்லையும் ஜாஸ்தி. அதனால பிரான்சிஸ் டேங்கிற ஆளு தெற்கால வந்து இடம் தேடினாரு. சாந்தோம்ல போர்ச்சுகீசியர் இருந்தாங்க, அதுக்கு வடக்கால மெட்ராஸ்பட்டினம்னு ஒரு மணல் திட்டு, ஒரு பக்கம் கூவம், ஒரு பக்கம் கடல். துறைமுகம்னு ஒண்ணும் கிடையாது. அப்புறம் ஏன் அங்க போனாருன்னு கேட்டா, ஆர்மகானை விட துணி மலிவுன்னு அவரே எழுதி வச்சிருக்காரு. சாந்தோம்ல அவருக்கு ஒரு பெண்ணோட சிநேகம் இருந்துச்சு, அதுக்காகத்தான் பக்கத்துல இடம் பிடிச்சாருன்னு அப்பவே ஒரு கிசுகிசு உண்டு. இருக்கட்டும், ஆனா லாபம் இல்லாத இடத்துல காதலுக்காக கம்பெனி காசு போடாது.

இப்ப பட்டா விஷயத்துக்கு வருவோம். 1639ல அந்தக் கடற்கரை யாரு கையில இருந்துச்சுன்னா, தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர். அவரு இருந்தது வந்தவாசி. தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லில இருந்து கடற்கரைய பாத்துக்கிட்டாரு. இவங்க அப்பா பேரு சென்னப்ப நாயக்கர், அந்தப் பேருல இருந்துதான் சென்னப்பட்டணம் வந்துச்சு. டே பேச்சுவார்த்தை நடத்தி எழுதி வாங்கிட்டாரு, ரெண்டு வருஷத்துக்கு அந்த ஊர் வருமானம் முழுசா கம்பெனிக்கு, அப்புறம் பாதி நாயக்கருக்கு பாதி இவங்களுக்கு. 1640 பிப்ரவரில டேயும் ஆண்ட்ரூ கோகனும் கப்பல்ல ஆளுங்களோட வந்து எறங்கிட்டாங்க, கூட துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர், பேரி திம்மப்பா. வந்து பாத்தா வேடிக்கை என்னன்னா, கோட்டைய நாயக்கரே தன் செலவுல கட்டித் தருவாருன்னு இவங்க நம்பிக்கிட்டு வந்திருக்காங்க. அவரு நான் எடம்தான் குடுக்கறேன்னு சொன்னேன், கட்டறது உங்க பாடுன்னு கைய விரிச்சிட்டாரு. கம்பெனி தலையில செலவு விழுந்துச்சு. லண்டன்ல இருந்த முதலாளிங்களுக்கு செம கோபம், கோகன் ஊருக்குத் திரும்பினதும் இவ்ளோ செலவு பண்ணி கோட்டை ஏன் கட்டினேன்னு விசாரணையே வச்சாங்க. அப்புறம் இந்தியாவையே ஆண்டதுக்கு அடிப்படையா அமைஞ்ச கோட்டைய கட்டினதுக்கு அந்த ஆளுக்கு கெடைச்சது கணக்கு கேள்விதான்.

ஸ்கூல் புக்ல இதோட சந்திரகிரி ராஜான்னு ஒரு வரி போட்டு முடிச்சிடுவாங்க, எனக்கு அதுலதான் வருத்தம். நாயக்கர் குடுத்தது ஒரு குறுநில தலைவர் குடுத்த சீட்டு. அவருக்கு மேல விஜயநகர ராயர் இருக்காரு. தலைக்கோட்டை சண்டைக்கு அப்புறம் அந்த ராயர் வம்சம் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர்னு தெற்கால தெற்கால நகர்ந்து வந்துக்கினே இருந்தாங்க. 1642ல மூணாம் ஸ்ரீரங்க ராயர் பட்டத்துக்கு வர்றாரு, அவருக்கும் தாமர்லகாரருக்கும் ஆகல, அப்ப அவர் குடுத்த சீட்டு செல்லுமா செல்லாதாங்கற பயம் கம்பெனிக்கு வந்துடுச்சு. அதனால 1645ல கிரீன்ஹில்ங்கற ஆள வேலூருக்கு அனுப்பி ராயர்கிட்ட புதுசா கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதி வாங்கினாங்க. அதுலதான் இடம் உறுதியாச்சு. சென்னைல இருந்து மெனக்கெட்டு வந்து நம்ம ஊர்ல கையெழுத்து வாங்கிட்டுப் போயிருக்காங்க. அதுக்கு அப்புறம் கொஞ்ச வருஷத்துலயே பீஜப்பூர், கோல்கொண்டா படைங்க வந்து ராயர் கதையே முடிஞ்சுபோச்சு, ஆனா வாங்கின இடம் வாங்கினதுதான். கோல்கொண்டாகாரனுக்கு வருஷத்துக்கு 1200 பகோடா (அந்தக் காலத்து தங்கக் காசு) வாடகை கட்டி அங்கயே உக்காந்துட்டாங்க.

இது இங்கிலீஷ்காரன் கதை மட்டும் இல்ல. பழவேற்காட்டுல டச்சுக்காரன் வந்தப்பவும் அப்படித்தான், சந்திரகிரிலயும் வேலூர்லயும் மாறி மாறி கொலு வச்சிருந்த ரெண்டாம் வெங்கடபதி ராயர்கிட்ட 1610ல அனுமதி வாங்கினான். ரெண்டு வருஷம் கழிச்சு சாந்தோம் போர்ச்சுகீசியர் வந்து அவன் கிடங்க அடிச்சு நொறுக்க, 1613ல கெல்ட்ரியா கோட்டை எழும்புச்சு. தரங்கம்பாடில டேனிஷ்காரன் 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட எழுதி வாங்கி டான்ஸ்போர்க் கட்டினான், வருஷ வாடகை 3111 ரூபாய். இப்படி கடலோரத்துல கல்லு வச்ச இந்த மூணு பேர்ல யாரும் சண்டை போட்டு அந்த இடத்த புடிக்கல, நம்ம ராஜாக்கள் துறைமுக வருமானத்துக்கும் குதிரைக்கும் துப்பாக்கிக்கும் ஆசைப்பட்டு குடுத்த இடம்தான். அவங்க மேல ரொம்ப தப்பு சொல்லவும் முடியாது, அன்னிக்கு கரையில கடை போட்டிருந்த இவனுங்களால என்ன ஆகப்போகுதுன்னு யாருக்குத் தெரியும்.

சரி, கல்லு விஷயம் கேட்டீங்க. முதல்ல கட்டின உள்கோட்டை சின்னது, ஒரு பக்கம் சுமார் 100 கஜம்தான் இருக்கும், சதுரம், நாலு மூலைக்கும் நாலு கொத்தளம், நடுவுல கம்பெனி வீடு. அதுக்குப் போட்டது கருங்கல் இல்ல, செம்புறாங்கல். லாக்யர்னு ஒரு இங்கிலீஷ் வியாபாரி 1711ல வந்த புத்தகத்துல இத, பதப்படுத்தாத இரும்பு கலர்ல, வெளிப்பக்கம் தேன்கூடு மாதிரி பொத்தல் பொத்தலா இருக்குதுன்னு எழுதியிருக்காரு. அந்தக் கல்ல வெட்டறது சுலபம், கரையோரத்துல கிடைக்கும், வேலையும் சீக்கிரம் முடியும். நம்ம கோட்டை மாதிரி மலைய ஒடைச்சு கொண்டாந்து வருஷக்கணக்குல செதுக்க அவங்ககிட்ட ஆளும் இல்ல, நேரமும் இல்ல, லண்டன்ல காசு குடுக்க மனசும் இல்ல. அந்த உள்கோட்டை இப்ப கெடையாது, 18ஆம் நூற்றாண்டுல எடுத்துட்டாங்க. நீங்க பாத்த மதில் எல்லாம் பின்னாடி வந்தது, அதுக்கு வர்றேன்.

இன்னொண்ணு, இப்ப கோட்டைக்கும் கடலுக்கும் நடுவுல ரோடு ஓடுது, அதனால நமக்கு அது கடலோரக் கோட்டைன்னே தோணாது. அன்னிக்கு அலை மதில் கிட்ட வந்து அடிக்கும். 19ஆம் நூற்றாண்டு கடைசில துறைமுகம் கட்டினதுக்கு அப்புறம்தான் அதோட சுவர் மணலத் தடுத்து கரை விரிஞ்சு கடல் தள்ளிப்போச்சு, மெரினா அவ்ளோ அகலமா இருக்கறதுக்கும் அதுதான் காரணம். துறைமுகம் வர்றதுக்கு முன்ன கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும், ஆளும் மூட்டையும் மசூலா படகுலதான் கரைக்கு வரணும். அந்தப் படகுல ஆணியே கெடையாது, பலகைய பலகையோட தென்னங்கயிறால தச்சிருப்பாங்க, அலை தூக்கிப் போட்டாலும் வளைஞ்சு குடுக்கும், ஒடையாது. இங்கிலீஷ் படகு அந்த அலையில நொறுங்கிடும். கம்பெனி கவர்னரே ஆனாலும் நம்ம மீனவர் தோள்ல உக்காந்துதான் கரை ஏறணும்.

1702ல முகலாயத் தளபதி தாவூத் கான் கோட்டைய சில மாசம் முற்றுகை போட்டாரு, கவர்னர் தாமஸ் பிட் பணம் குடுத்து சமாதானம் பண்ணாரு. அதுக்கு முந்தின வருஷம்தான் இதே தாவூத் கானுக்கு கோட்டைக்குள்ள விருந்து வச்சு சரக்கெல்லாம் ஊத்தி அனுப்பினாங்க. குடிச்சிட்டுப் போனவரு அடுத்த வருஷம் படையோட வந்து நின்னாரு.

1746தான் பெரிய அடி. பிரெஞ்சுக்காரன் லா போர்டனே கப்பல் படையோட வந்து குண்டு போட, சில நாள்லயே கோட்டை சரண்டர். அவ்ளோதான் அதோட பலம். குடோனுக்கு வச்ச சுவர்னு நான் சொன்னது அதனாலதான். ஆற்காடு நவாப் அன்வருத்தீன் தன் பையன் மாஃபூஸ் கானை பெரிய படையோட அனுப்பினாரு, அடையாறு ஆத்தங்கரைல சில நூறு பேர் கொண்ட பிரெஞ்சுப்படை அவங்கள விரட்டிடுச்சு. வேகமா சுடத் தெரிஞ்ச சின்னப் படை முன்னாடி குதிரைப்படை கூட்டமா வந்து பிரயோஜனம் இல்லன்னு அன்னிக்குத்தான் ரெண்டு தரப்புக்கும் தெரிஞ்சுது, அடுத்த 50 வருஷ அரசியல் முழுக்க இந்தப் பாடத்துலதான் ஓடுச்சு. கோட்டைல அப்ப குமாஸ்தாவா இருந்த ஒரு பொடியன் துபாஷ் வேஷம் போட்டு கடலூருக்குத் தப்பிச்சு ஓடினான், அவன் பேரு ராபர்ட் கிளைவ்.

அதுக்கப்புறம் மூணு வருஷம் கோட்டை பிரெஞ்சுக்காரன் கைலதான், அப்ப அவன் எடுத்துட்டுப் போனதுல ஒண்ணு இன்னிக்கும் நீங்க கண்ணால பாக்கலாம். கடல் வாசல்ல இருந்து உள்கோட்டை வரைக்கும் 1730கள்ல ஒரு தூண் வரிசை வச்சிருந்தாங்க, பல்லாவரம் கருங்கல்லுல செஞ்சது. அந்தத் தூண்கள கழட்டி பாண்டிச்சேரிக்கு கொண்டு போயிட்டாங்க. 1761ல பாண்டிச்சேரி விழுந்ததும் இங்கிலீஷ்காரன் திரும்ப கொண்டாந்து நட்டான். சட்டசபை கட்டிடத்துல இருக்குற கறுப்பு வழவழ தூண்கள் அதுதான், 20 தூண். அந்தக் கல்லுக்கு இப்ப உலகம் முழுக்க சார்னோகைட்னு பேரு, கல்கத்தாவுல ஜாப் சார்னாக் சமாதிக்கு வச்ச கல்லு பல்லாவரத்துல இருந்து போனது, அதனால அந்தப் பேரு.

1748ல ஐரோப்பாவுல சமாதானம் ஆச்சு, கனடாவுல லூயிஸ்பர்க் கோட்டைய பிரான்சுக்கு குடுத்துட்டு 1749ல மெட்ராஸ திரும்ப வாங்கினாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல நம்ம ஆம்பூர்ல, நவாப் பதவிக்குப் போட்டி போட்ட சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரனும் சேர்ந்து நவாப் அன்வருத்தீனக் கொன்னாங்க. அவர் பையன் முகமது அலி திருச்சிக்கு ஓட, சந்தா சாகிப் போய் திருச்சிய வளைச்சுக்கிட்டாரு. திருச்சிய நேரா போய் காப்பாத்த கம்பெனிகிட்ட ஆள் இல்ல. அதனால 1751ல கிளைவ் 200 வெள்ளைக்காரன், 300 சிப்பாயோட ஆற்காட்டுக்கு நடந்து வந்தான், தலைநகர புடிச்சா திருச்சில இருக்குற படைல பாதி இங்க வந்துடும்ங்கறது கணக்கு. இடி மின்னல்லயும் நிக்காம வர்றாங்கன்னு கேள்விப்பட்டு ஆற்காட்டுக் கோட்டைல இருந்தவங்க சண்டை போடாமலே காலி பண்ணிட்டாங்க. அப்புறம் சந்தா சாகிப் பையன் ரசா சாகிப் வந்து 50 நாள் முற்றுகை. கடைசில யானை நெத்தில இரும்புத் தகடு கட்டி கதவ இடிக்க விட்டா, துப்பாக்கிக் குண்டு பட்டு யானைங்க திரும்பி சொந்தப் படையையே மிதிச்சுடுச்சு. சிப்பாய்ங்க சோத்த வெள்ளைக்காரனுக்குக் குடுத்துட்டு கஞ்சித்தண்ணிய குடிச்சாங்கன்னு ஒரு கதை உண்டு, இங்கிலீஷ்காரங்க அத ரொம்ப ஆசையா சொல்லுவாங்க. ஏன் ஆசையா சொல்றாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதே வருஷக் கடைசில ஆரணி, அடுத்த பிப்ரவரில காவேரிப்பாக்கம், ரெண்டுலயும் கிளைவ்தான் ஜெயிச்சான்.

1758 டிசம்பர்ல பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து திரும்பவும் ஜார்ஜ் கோட்டைய முற்றுகை போட்டாரு, ரெண்டு மாசத்துக்கு மேல நீடிச்சுது, பிப்ரவரில இங்கிலீஷ் கப்பல் வந்ததும் கிளம்பிட்டாரு. அப்பதான் கம்பெனிக்கு இனிமே குடோன் சுவர் பத்தாதுன்னு உறைச்சுது. கோட்டைய ஒட்டி நம்மாளுங்க குடியிருந்த கறுப்பர் பட்டணம் வீடெல்லாம் எதிரி மறைஞ்சு சுடறதுக்கு வசதின்னு இந்தப் பிரெஞ்சு சண்டைக் காலத்துலயே இடிபட்டு வெட்டவெளி ஆயிடுச்சு, இப்ப ஹைகோர்ட் இருக்குற பக்கம் எல்லாம் அப்படி காலியான இடம்தான். மதில மாத்திக் கட்டி, அகழி வெட்டி, இன்னிக்கு நீங்க பாக்குற உருவத்துக்கு வர 1783 ஆயிடுச்சு. தாழ்வா, அகலமா, சரிவா இருக்குறது பீரங்கிக் குண்டு தாங்கறதுக்கு. நம்ம கோட்டை உசரமா நிக்குது, இது படுத்துக் கெடக்குது, உங்களுக்கு கோட்டையாவே தெரியாததுக்கு காரணம் இதுதான்.

லாலி கதை முடிஞ்சதும் நம்ம பக்கத்துலதான். 1760 ஜனவரி 22, வந்தவாசி, இங்கிலீஷ் தளபதி அயர் கூட் ஜெயிச்சாரு. 1639ல எந்த ஊர் நாயக்கர் இடம் குடுத்தாரோ அதே ஊர்ல வச்சு பிரெஞ்சுக்காரன் ஆட்டம் முடிஞ்சுது. 20 வருஷம் கழிச்சு ஹைதர் அலி வந்தப்ப ஆற்காடு அவர் கைக்குப் போயிடுச்சு, ஆனா வேலூர் கோட்டை ஹைதர் கைல மாட்டாம இங்கிலீஷ்காரன் வசமே தாக்குப் பிடிச்சுது, கூட் சோளிங்கர்ல சண்டை போட்டு, வேலூருக்கு அரிசி மூட்டை கொண்டாந்து கொண்டாந்து போட்டுக்கிட்டு இருந்தாரு. இங்க நம்ம கருங்கல்லு அவங்களுக்கு உதவுச்சு.

கடைசியா 1806, இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா ஜார்ஜ் கோட்டைல இருந்து பாத்தா வேற மாதிரி தெரியும். உத்தரவு போட்டது அங்க. தளபதி ஜான் கிராடக், கவர்னர் வில்லியம் பெண்டிங்க். நெத்தில விபூதி நாமம் வைக்கக்கூடாது, தாடி எடுக்கணும், மீசை ஒரே மாதிரி இருக்கணும், கடுக்கன் கூடாது, தோல் குஞ்சம் வச்ச புதுத் தலைப்பாகை போடணும். மே மாசமே வேலூர்ல சிப்பாய்ங்க மாட்டேன்னுட்டாங்க, அதுக்கு கசையடி குடுத்தாங்க. அதே கோட்டைல திப்பு குடும்பத்தயும் சிறை வச்சிருக்கோமேங்கற யோசனையே இல்ல. ஜூலை 10 விடியறதுக்கு முன்னாடி வெடிச்சுது. 14 அதிகாரிங்களும் 69ஆவது ரெஜிமெண்ட்ல 115 பேரும் செத்தாங்க, கோட்டை மேல மைசூர் கொடி ஏறுச்சு. 25 கிலோமீட்டர்ல ஆற்காட்டுல இருந்த கில்லஸ்பி குதிரைப்படையோட சில மணி நேரத்துல வந்து, மதில் மேல கயிறு புடிச்சு ஏறி, பின்னால வந்த பீரங்கியால கதவ உடைச்சு உள்ள வந்தான். அரண்மனைல ஒதுங்கியிருந்த சுமார் 100 சிப்பாய்ங்கள வெளிய இழுத்து சுவர் ஓரமா நிக்க வச்சு சுட்டாங்க. சிப்பாய்ங்க மொத்தமா 350 பேருக்குக் குறையாம செத்திருப்பாங்க. தலைப்பாகை உத்தரவு வாபஸ், கிராடக்கும் பெண்டிங்கும் லண்டனுக்கு வாபஸ். அந்த பெண்டிங்க்தான் பின்னாடி கவர்னர் ஜெனரலா வந்து சதி ஒழிச்சவருன்னு படிக்கறோம், வேலூர அந்தப் பாடத்துல சேர்க்க மாட்டாங்க.

அடுத்த தடவை போனீங்கன்னா தூண் வரிசைய பாருங்க, செயின்ட் மேரி சர்ச்சுக்குள்ள போங்க, 1680ல கட்டினது, கிளைவ் கல்யாணம் அங்கதான். மியூசியத்துல 1947 ஆகஸ்ட் 15 அன்னிக்கு அந்தக் கோட்டைல ஏத்தின கொடிய வச்சிருக்காங்க, அத தவற விடாதீங்க. வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு. தலைமைச் செயலகம் உள்ளயே இருக்குறதால வாசல்ல செக்கிங் இருக்கும், ஐடி கார்டு எடுத்துக்கங்க. காட்பாடில ரயில் ஏறினா சென்ட்ரல்ல எறங்கி, பீச் பக்கம் போற லோக்கல்ல கோட்டை ஸ்டேஷன்லயே எறங்கிடலாம். ஆற்காட்டுல டெல்லி கேட்ட இன்னும் பாக்கலன்னா முதல்ல அத பாத்துட்டுப் போங்க, மீதி மதில எல்லாம் 1783ல திப்பு இடிச்சிட்டாரு, பாலாத்தங்கரைல அந்த வாசல் மட்டும்தான் மிச்சம்.